திரும்பப் பெறும் படிவம்

கேமரா இரண்டு. சரி.
லென்ஸ் மூன்று; ஒன்றின் வளையத்தில் மணல்,
திருப்பினால் நறநறக்கிறது.
தலைக்கவசம் ஒன்று, இடப்பக்கம் கீறல்.
எப்படி என்று படிவம் கேட்கவில்லை.
குண்டு துளைக்காத அங்கி ஒன்று,
உட்புறம் வியர்வை உப்புப் பூத்து
எந்த நாட்டுடையது என்று சொல்ல முடியாத எல்லைக்கோடுகள்.

பதினோரு வருஷமாக இந்தச் சாமான் அறையில்
கையெழுத்து வாங்குகிறவன் நான்.
போருக்குப் போனதில்லை.
அது வந்து என் மேசையில் தூசியாக உதிரும்.
ஈரத்துணியால் துடைப்பேன்.

ருஸைனா கையெழுத்துப் போட்டாள்,
பேனாவை மறக்காமல் திருப்பித் தந்தாள்.
கடைசிக் கட்டத்தில் ‘எடுத்துச் சென்றவர்’ என்று இருந்தது.
அதற்கு நேரே மட்டும்
‘நிலை’ என்று எதுவும் இல்லை.

அலுவலகம் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது பொய்.
மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள்,
ஆலோசகரின் எண், ஆறு அமர்வுகள் இலவசம்.
நான்கு போனாள். நல்ல பெண்மணியாம்.
மேசைமேல் இருந்த திசுத்தாள் பெட்டி
இவள் பக்கம் சற்றே நகர்த்தி வைக்கப்பட்டிருந்ததாம்.
“அழுவதற்கு முன்பே எனக்கு ஃபிரேம் போட்டுவிட்டார், அபாங்.”

ஜூலைச் சனிக்கிழமை, தேசிய தின ஒத்திகை.
ஐந்து போர் விமானங்கள் பொங்கோல் மேல் தாழப் பறந்தன.
தாழ்வாரமெங்கும் பிள்ளைகள் கையசைத்தார்கள்.
காப்பிக் கடையில் ருஸைனா
அடுத்த மேசைப் பையனை இழுத்துக்கொண்டு
மேசைக்கடியில் கிடந்தாள்.
அவன் கையில் ஐஸ் மைலோ; ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
அவன் அம்மா கத்தவுமில்லை.
குனிந்து பார்த்துவிட்டு
தானும் உள்ளே வந்து உட்கார்ந்தாராம்.
அவர் பெயரைக் கேட்க மறந்ததற்கு
இன்னும் வருத்தப்படுகிறாள்.
பெயர், வயது, ஊர்:
எந்த இடிபாட்டிலும் அவள் கேட்க மறந்ததில்லை.

அன்றிரவு முதல் பாம் ஷெல்டரில் படுக்கை.
புது வீவக வீடுகளில் உண்டே,
இரும்புக் கதவும் ஆணி அடிக்கக் கூடாத சுவருமாக,
அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும்
நாம் திணித்து வைக்கும் அறை.
“அங்கே சிக்னல் வராது” என்றாள்.
குறையாகச் சொல்லவில்லை.

தம்பி வாசலில் நின்று கெஞ்சினான்:
வெளியே வா, இது சிங்கப்பூர்.
அது அவளுக்குத் தெரியும்.
உடம்புதான் இன்னும் சாங்கியில் இறங்கவில்லை.

நான் போனபோது வெளியே கூப்பிடவில்லை.
சாமான் அறைக்காரனுக்குத் தெரிந்தது சாமான் அறை.
மடக்கு ஏணியை எடுத்தேன்.
பெருநாள் பலகார டப்பாக்கள், காலி, ஒன்பது.
ஓடாத மின்விசிறி.
யாருடையது என்றே தெரியாத ஒரு ஸ்கேட் பலகை.
கால் நீட்ட இடம் வந்தது.
கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளாமல் இருக்க
வாசலில் விட்ட என் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து
இடுக்கில் வைத்தேன்.
பிறகு கூடத்துத் தரையில் உட்கார்ந்து
பொட்டலத்தில் வாங்கி வந்த தே ஓ கோசோங்கை உறிஞ்சினேன்.
இரண்டு மணி நேரத்தில் அவள் பேசியது இவ்வளவு:
“மின்விசிறியைத் தூக்கிப் போடாதீங்க. தம்பி சரி பண்ணுவான்.”

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் கேட்டேன்,
படிவத்தில் ஒரு வரி கூட்ட வேண்டும்.
எதை வைத்து அளப்பாய் என்றார்.
நியாயமான கேள்வி, பதில் இல்லை.
ஆனால் அந்த வரி நிரம்பாமல்
யாருக்கும் பை கொடுப்பதாக இல்லை.
அலமாரிச் சாவி என் இடுப்பில்.

சனிதோறும் போகிறேன். செருப்பும் அதே இடத்தில்.
நேற்று வாணவேடிக்கை ஒத்திகை.
முதல் வெடிக்கு
கதவை இழுத்துச் சாத்துவாள் என்று எழுந்தேன்.
இடுக்கு வழியே ஒரு கை வந்தது,
செருப்பைத் தடவிப் பார்த்தது.

“ஒன்பதாம் நம்பரா?”

“எட்டு.”

“எட்டு” என்று திரும்பச் சொல்லி
கை உள்ளே போனது.